மஞ்சள் சட்டை போகும் வரை

நாலு நாளாகக் கெர்பன் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடவும் பல் தேய்க்கவும் திறந்ததை இதில் சேர்க்க வேண்டாம். யாரையும் திருத்துவதற்காகத் திறக்கவில்லை. நெதர்லாந்தில் ட்ரென்த மாகாணத்துச் சாலைப் பலகைகளை மேற்பார்வை செய்தே முப்பத்தாறு வருடம் ஓட்டிய மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட பட்டினி என்பது அவரோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படிச் செய்தவள் உலகத்தில் ஒருத்திதான். நிபந்தனை போட்டதும் அவள்தான்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. வேலையில் இருந்தவரை மாகாணம் முழுக்கப் பலகைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குள் நுழைந்தார். தட்டு கழுவும் இயந்திரத்தில் மனைவி ஹில்கா தட்டு அடுக்குவதைத் திருத்தினார். பக்கத்து வீட்டுக்காரன் வேலிச்செடி நாலு சென்டிமீட்டர் வெளியே வந்திருப்பதை அளந்து போய்ச் சொன்னார். மிச்ச நேரத்துக்கு, சைக்கிள் பாதைகளில் ஒவ்வொரு சந்திக்கும் எண் போட்டு, அடுத்த எண்ணுக்கு அம்பு காட்டுகிற பலகைகளைச் சரிபார்க்கும் தொண்டர் வேலையையும் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துணியும் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதே இல்லை. இதையெல்லாம் ஹில்கா பொறுத்தாள். "சரிங்க, இன்ஸ்பெக்டர்" என்று கிண்டலடித்துப் பொறுத்தாள். ஆனால் போன நவம்பரில் அவளுடைய அக்காவின் அடக்கத்தில், மருமகன் அழுதுகொண்டே அக்காவின் கல்யாண வருஷத்தைச் சொன்னபோது, இவர் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து, "எழுபத்திநாலு இல்லப்பா, எழுபத்தி மூணு" என்றார். அவள் மறுவாரம் போய் ஸ்வொல நகரத்தில் ஒரு குடியிருப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் மாதம் அதற்குக் கடிதம் வந்தது. அவள் ஒளிக்கவில்லை. காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே மேசையில் விரித்து வைத்தாள்.

"எனக்கு வீடு கிடைச்சிருக்கு, கெர்பன். ஒரு ஆளுக்கான வீடு. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அவர் கடிதத்தைப் படித்தார். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நல்லவேளை, அதைச் சொல்லவில்லை.

"அதுக்கு முன்னாடி நம்ம படகுப் பயணம் வருது," என்றாள். "அந்த ஒரு வாரம் நீ யாரையும் திருத்தாம இருந்து காட்டு. எனக்கு நீ வேணுமா, அமைதி வேணுமான்னு நானும் யோசிக்கணும்."

"யாராவது தப்பாச் சொன்னா?"

"சொல்லட்டும்."

"ரொம்பத் தப்பாச் சொன்னா?"

"கெர்பன்."

"சரி."

இப்படித்தான் அவர் 'நிம்மதி'யில் ஏறினார். அது படகின் பெயர். ஒரு காலத்தில் மணல் ஏற்றிப் போன முப்பத்தெட்டு மீட்டர் பழைய படகு. இப்போது அதன் வயிற்றுக்குள் பத்து அறைகளைத் தடுத்து, இருபது பேரைத் திணித்திருக்கிறார்கள். பகலில் பயணிகள் கைடோடு சைக்கிளில் போவார்கள். படகு கால்வாய் வழியாக முன்னால் போய் மாலையில் அடுத்த ஊரில் காத்திருக்கும். அறையில் ஒருவர் கால்சட்டை மாட்டும்போது மற்றவர் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். குளியல் குழாய் இருபது விநாடிக்கு ஒரு முறை தானாக நின்றுபோகும். தலையில் சோப்போடு பொத்தானைத் தேடவேண்டும். பன்னிரண்டு ஈர மழைக்கோட்டுகள் நடைவழியில் தொங்கிக்கொண்டு போகிற வருகிறவர் கன்னத்தையெல்லாம் தடவின. பொத்தான் உயரமும் தப்பு, கோட்டு மாட்டும் இடமும் தப்பு. கெர்பன் வாயைக் கட்டிக்கொண்டார்.

கைடு ஃபென்னாவுக்கு முப்பத்திரண்டு வயது. நல்ல பெண், குரலில் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆனால் அவள் சொன்ன தகவல்கள்! வயல் தண்ணீரை இறைக்கிற காற்றாலையைக் காட்டி, "இங்கதான் அந்தக் காலத்துல மாவு அரைச்சாங்க" என்றாள். பதினாலு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது, "இன்னும் பத்துதான், வாங்க வாங்க" என்றாள். இரவுச் சாப்பாட்டில் பெல்ஜியத்துக் கென்ட் நகரத்துப் பல் டாக்டர் லீவன், மார்பில் ஒரு கேமராவைக் குழந்தை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு, கடலை அடைத்த பெரிய அணையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் கட்டி முடித்ததாகச் சொன்னார். முப்பத்திரண்டு என்ற சரியான வருஷம் கெர்பனின் தொண்டை வரை ஏறி வந்தது. ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு அதை உள்ளே தள்ளினார். பெல்ஜியத்துக்காரனிடம் நம் அணையைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டிய தலையெழுத்து.

மேசைக்கு எதிரே ஹில்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று படுக்கும்போது கீழ்க்கட்டிலிலிருந்து அவள் கை மேலே வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவர் கையைத் தொட்டது.

"இன்னைக்கு நல்லா இருந்தது, கெர்பன்."

அவருக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அடைத்தது பாசத்தால் மட்டும் இல்லை. சொல்லாமல் விட்ட தப்புகள் எல்லாம் அங்கேதான் நின்றன. ஒவ்வொன்றுக்கும் அவர் மனதுக்குள் எண் போட்டுவந்தார். புதன்கிழமை மாலை வரை நாற்பத்தொன்று. மனிதர் திருந்தவில்லை. சேர்த்துவைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று, மூலை விதி. முதல் நாள் காலையிலேயே ஃபென்னா துறையில் எல்லோரையும் நிறுத்தி விளக்கினாள்.

"நான் முன்னாடி போவேன். எங்கே திரும்பறேனோ, அங்கே எனக்கு அடுத்தாப்ல வர்றவங்க மூலையில நிக்கணும். வர்றவங்களுக்குக் கை காட்டணும். கடைசி ஆள் மஞ்சச் சட்டை போட்டிருப்பாங்க. மஞ்சச் சட்டை வந்த பிறகுதான் மூலையை விட்டு நகரணும். அதுவரைக்கும் மழையோ வெயிலோ, நின்ன இடத்துல நிக்கணும். புரிஞ்சுதா?"

கெர்பனுக்குக் கண்ணில் நீர் வராத குறை. இவ்வளவு சுத்தமான விதியை அவர் வேலையில் இருந்த காலத்திலேயே பார்த்ததில்லை. மஞ்சள் சட்டை போட ஆள் கேட்டபோது ஹில்கா கை தூக்கினாள். முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் பேட்டரி சைக்கிள்தான். "கடைசியில வர்றது எனக்குச் சௌகரியம். என்னை யாரும் விரட்ட மாட்டாங்க," என்றாள். ஓல்டன்பர்க்கிலிருந்து தனியாக வந்திருந்த எழுபத்தொன்பது வயது ஜெர்மன் அம்மாள் பிர்க்னரும் மெதுவாகத்தான் போவாள். இரண்டு பேரும் பின்னால் பேசிக்கொண்டே வருவார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல், வயல்களுக்கு நடுவே ஐம்பத்திரண்டாம் சந்தி வந்தது. ஃபென்னா கையில் இருக்கும் கருவியைப் பார்த்து வலப்பக்கம் திரும்பினாள். அவள் பலகைகளை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. அது கெர்பனின் பட்டியலில் ஆறாம் தப்பு. அடுத்து வந்த லீவன் மூலையில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த கெர்பன் பலகையைப் பார்த்தார்.

கம்பம் திரும்பியிருந்தது. டிராக்டர் ஏதோ உரசியிருக்க வேண்டும். அடியில் சேறும், கம்பத்தில் பச்சைப் பெயின்ட் கீறலும். முழுசாகக் கால் வட்டம் சுற்றிப்போய், அறுபத்து மூன்றுக்கான அம்பு சாலையைக் காட்டாமல், நீரேற்று நிலையத்துக்குப் போகிற வயல் பாதையைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பாதை மூன்று கிலோமீட்டர் போய்க் கால்வாயில் முட்டி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இரண்டு திருகாணி. ஒரு நிமிட வேலை.

பிறகு கை திரும்பி வந்தது. சத்தியம் செய்திருக்கிறோமே என்று நினைத்தார். மூலையில்தான் லீவன் நிற்கிறாரே, பலகையை யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தார். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவர் அப்போது உற்றுப் பார்க்கவில்லை. ஐம்பத்து நாலு என்று எண்ணிக்கொண்டு மிதித்தார்.

அடுத்த திருப்பம் அறுபத்து மூன்று. கால்வாய்க் கரைமேட்டின் கீழே, ஒரு நெட்டிலிங்க மரம், ஒரு பெஞ்சு. இப்போது ஃபென்னாவுக்கு அடுத்து வந்தவர் கெர்பன். "இங்க நில்லுங்க கெர்பன். மஞ்சச் சட்டை வர்ற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் இடப்பக்கம் போனாள். கெர்பன் சைக்கிளை நிறுத்தி, பாதையோரம் கையை நீட்டி நின்றார். கனடாக்காரத் தம்பதி, மூன்று டச்சுச் சகோதரிகள், கிண்டலாகச் சல்யூட் அடித்த ஒரு ஆசாமி என்று ஒவ்வொருவராகப் போனார்கள். பதினாறு பேர். இன்னும் வரவேண்டியது லீவன், பிர்க்னர் அம்மாள், ஹில்கா.

பத்து நிமிடம் கழித்து லீவன் வந்தார், தனியாக.

"மஞ்சச் சட்டை எங்கே?" என்றார் கெர்பன்.

"பின்னாடி வரும்."

"நீங்க மஞ்சச் சட்டைக்கு முன்னாடி எப்படி வந்தீங்க?"

"அட, அங்கே வயல்ல ஒரு நாரைக் கூடு. மூணு குஞ்சு! ஒரு அஞ்சு நிமிஷம் படம் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா ரோட்டுல யாரும் இல்லை. போயிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"இந்த வழியா யாரும் போகலை."

"அப்போ வருவாங்க. நீங்க டச்சுக்காரங்க எல்லாத்தையும் இப்படித்தான் கழுத்தைப் பிடிப்பீங்களா? ரோடு நேரா இருக்கு, பலகை இருக்கு, எங்கே போயிடப்போறாங்க?"

பலகை இருக்கு! கெர்பன் ஸ்பேனர் இருந்த சட்டைப் பையை அழுத்திப் பிடித்தார். லீவன் மணியடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஹில்காவுக்குப் போன் போட்டார். அவருடைய சைக்கிள் பைக்குள்ளேயே மணி அடித்தது. காலையில், "ரெண்டையும் உன் பையிலேயே போட்டுக்கோ, விடுமுறைக்கு வந்து போனைக் கட்டிட்டு அலையணுமா" என்று அவள் கொடுத்திருந்தாள். அது அடித்து ஓய்கிறவரை அவர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போய்த் தேடலாமா? வந்த சாலையில் திரும்பிப் போனால், அவர்கள் கால்வாய்க்கரை வழியாகச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிடலாம். கரை வழியாகப் போனால், சாலையில் திரும்பி வரலாம். இரண்டு வழியும் வந்து சேர்கிற இடம் இந்த மூலைதான். நிற்பதுதான் சரி. விதியும் அதைத்தான் சொல்கிறது. சரியான இடத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு வழக்கமாகத் தருகிற நிம்மதியை இப்போது தரவில்லை.

மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து அடிக்கும். நாலு மணிக்கு ஃபென்னா கூப்பிட்டாள்.

"கெர்பன், எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. ஹில்கா உங்களோடதானே?"

"இல்லை. ஹில்காவும் பிர்க்னர் அம்மாளும் இன்னும் வரலை. மூலையில நிக்கறேன்."

"ஐயோ! இவ்வளவு நேரமாவா? கெர்பன், படகு கேப்டன் கத்தறார். ரயில் பாலம் படகுக்காக நாலேகாலுக்கு ஒருதடவைதான் திறக்கும். விட்டா ஏழு மணிதான். நாங்க பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நிக்கறோம். நீங்க கிளம்பி வந்துருங்க. நான் சைக்கிள்ல திரும்பிப் போய் அவங்களைத் தேடறேன்."

"மஞ்சச் சட்டை இன்னும் போகலை."

"தெரியும் கெர்பன், ஆனா அந்த விதி சாதாரண நாளுக்கு."

"சாதாரண நாளுக்கு விதி எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். நாலு நாளில் முதல் தடவை. பிறகு குரலை இறக்கி, "ஐம்பத்திரண்டாம் சந்தியில கம்பம் திரும்பியிருக்கு. நீரேற்று நிலையத்துப் பக்கம் போயிருப்பாங்க. நீ அங்கே போய்ப் பாரும்மா," என்றார்.

"திரும்பியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஃபென்னா.

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். காற்றில் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம். வைத்துவிட்டாள்.

நாலேகால். நாலே முக்கால். பெஞ்சில் உட்காரக்கூட அவருக்கு மனம் வரவில்லை. முழங்காலில் இரும்பு வைத்தவள் ஒருத்தி, எழுபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி, கால்வாயில் முட்டி நிற்கிற சரளைப் பாதை, மழை, தீர்ந்துபோகிற பேட்டரி. ஹில்கா தண்ணீர் ஓரத்தில் சைக்கிளைத் திருப்பும்போது அந்தக் கால் மடங்குமே, மடங்கினால் எழுந்திருக்க மாட்டாளே. இரண்டு திருகாணி! ஒரு நிமிடம்! சட்டைப் பையில் ஸ்பேனர் விலா எலும்பில் இடித்துக்கொண்டே இருந்தது. லீவன்மேல் கோபம் வந்தது, ஃபென்னாமேல் வந்தது, டிராக்டர் ஓட்டியவன்மேல் வந்தது. எல்லாக் கோபமும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நிற்க இடமில்லாமல் அவரிடமே வந்து நின்றது.

ஐந்தேகாலுக்குக் கால்வாய்க்கரை மேட்டில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது.

ஹில்கா மிதித்துக்கொண்டுதான் வந்தாள். பேட்டரி போய்விட்டிருந்தது, அந்தப் பெரிய சைக்கிளைக் காலால் மட்டும் தள்ளிக்கொண்டு வந்தாள். முட்டிவரை சேறு. முகம் சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும் மேட்டின் மேலேயே நின்று சிரித்தாள், வாய்விட்டு.

"பாத்தியா! நிக்கறான்! நான் சொன்னேன்ல!"

"யார்கிட்ட சொன்னே? உனக்கு ஒண்ணும் இல்லையே? அந்த அம்மா எங்கே? கால்?"

"கால் இருக்கு. அவங்களை ஒரு விவசாயி தன் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டார், சைக்கிளோட. பெரிய ரோடு வழியா எதிர்ல ஃபென்னா வந்தா, அவகிட்டயும் சொல்லி அந்த அம்மாவோட அனுப்பியாச்சு. என்னையும் ஏறச் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன்." அவள் இறங்கி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "என் புருஷன் மூலையில நின்னுட்டிருப்பான், மஞ்சச் சட்டை போற வரைக்கும் நகர மாட்டான், உலகமே முங்கினாலும் நிப்பான்னேன். அந்த ஆள் நம்பலை. 'ரெண்டரை மணி நேரம் யாருங்க நிப்பா'ங்கறார். 'நீங்க கெர்பனைப் பாத்ததில்லை'ன்னேன்."

அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். காலையில் சாப்பாட்டு மேசையில் கட்டிக்கொண்ட ரொட்டியில் ஒரு துண்டு பாக்கி இருந்தது, சாக்லேட் தூவியது, ஈரத்தில் கரைந்துபோயிருந்தது. ஆளுக்குப் பாதி தின்றார்கள். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை விறைத்திருந்தது.

"கெர்பன், ஒண்ணு சொல்றேன்," என்றாள். "நாலு நாளா உன்னைப் பாத்துட்டு வர்றேன். அந்த அணை விஷயத்துல உன் கழுத்து நரம்பு புடைச்சதைக்கூடப் பாத்தேன். நீ பொறுத்துக்கிட்டே. எனக்காக ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்படறான்னு நினைச்சேன். நாளைக்கு ஸ்வொலவுக்கு எழுதிடலாம்னு இருக்கேன். வீடு வேண்டாம்னு."

கெர்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

"அந்த விவசாயி சொன்னார், அந்தக் கம்பத்தைத் திங்கக்கிழமை அவர் தம்பி டிராக்டர்தான் இடிச்சுதாம்," என்று அவள் பேச்சுவாக்கில் தொடர்ந்தாள். "லீவனும் அங்கே இல்லை. அம்பு காட்டின பக்கம் போயிட்டோம். கால்வாய் வரைக்கும் போய், பிர்க்னர் அம்மா அழுதுட்டாங்க, பாவம்." ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நீயும் அந்த வழியாத்தானே வந்தே."

"ஆமாம்."

"சேறு தெறிச்ச பலகைக்குக்கூட இறங்கித் துடைக்கிறவன் நீ. அது திரும்பியிருந்ததை நீ பாக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழை, கண்ணாடியில் தண்ணீர், கவனிக்கவில்லை என்று சொன்னால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? ஸ்வொல வீட்டுக்கு வேறு யாராவது குடிபோவார்கள். நாற்பத்தொரு வருடக் கல்யாணம் அப்படியே இருக்கும். ஆனால் முப்பத்தாறு வருடத்தில் ஒரு பலகையைப் பற்றிக்கூடப் பொய் அறிக்கை எழுதாத வாய் அது.

"பாத்தேன்," என்றார்.

அவள் கை அவர் கைமேல் இருந்தபடியே இருந்தது.

"பாத்துட்டு?"

"நீதானே சொன்னே, ஒரு வாரம் யாரையும்..."

"அதனாலதானா? சத்தியமா அதனால மட்டும்தானா, கெர்பன்? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாதி அதனால. மீதி... ஒரு தடவையாவது எல்லாரும் வழி தப்பட்டும்னு தோணிச்சு. தப்பிட்டு, கெர்பன் சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காதேன்னு நினைக்கட்டும்னு. ஃபென்னாவுக்குத்தான் கெட்ட பேர் வரும்னு நினைச்சேன். நீ வழி தப்புவேன்னு நினைக்கலை."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் சைக்கிள் சீட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு வெடித்தாள்.

"நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? மத்தவங்க பேசறப்போ குறுக்கே விழாதேன்னு கேட்டேன். சாவு வீட்டுல வருஷத்தைத் திருத்தாதேன்னு கேட்டேன். ஆள் குழிக்குள்ள போறதைப் பாத்துட்டு வாயை மூடிட்டு இருன்னா கேட்டேன்? நாலு நாளா நீ பொறுத்துக்கறேன்னு நான் உருகிட்டிருக்கேன். நீ எங்க தப்பையெல்லாம் எண்ணிட்டு உக்காந்திருந்திருக்கே! எண்ணினியா இல்லையா?"

"எண்ணினேன்."

"எத்தனை?"

"ஐம்பத்து நாலு."

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. சிரிப்பு இல்லை.

"பேசினா குத்தறே. பேசாட்டி வன்மம் வெச்சுக்கறே. உன் பேச்சு மட்டும்தான் எனக்குச் சுமைன்னு நினைச்சேனே, நான் ஒரு முட்டாள்!" எழுந்து அவருடைய மழைக்கோட்டைக் கழற்றி அவரிடமே கொடுத்தாள். மஞ்சள் சட்டையையும் தலைவழியாக உருவி நீட்டினாள். "இந்தா, போட்டுக்கோ. நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா. பேசிட்டு வா, பேசாம வா, எப்படி வேணும்னாலும் வா. வீட்டை எடுத்துக்கறேன்னு நாளைக்கு எழுதிடுவேன்."

"ஹில்கா, நான் பொய் சொல்லியிருக்கலாம்."

"தெரியும். அதையும் ஒரு எண் போட்டு வெச்சுக்கோ."

கிளம்பினார்கள். படகு இருக்கும் இடத்துக்குப் பதினோரு கிலோமீட்டர். மழை விட்டு, வயலெல்லாம் பளபளத்தது. அவள் முன்னால் கனத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். வலிக்கிற கால் கீழே போகும்போதெல்லாம் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் ஈர மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒட்டியும் ஒட்டாமலும் பின்னால் போனார். என் சைக்கிளை எடுத்துக்கோ என்று சொல்ல இரண்டு தரம் வாய் திறந்தார். அதுகூடத் திருத்துவதில் சேருமோ என்று பயமாக இருந்தது.

ஏழு கிலோமீட்டர் தாண்டி எழுபத்தொன்றாம் சந்தி. ஹில்கா வேகத்தைக் குறைத்து, இடது கையை நீட்டினாள்.

இடப்பக்கம் போனால் ஆற்றைத் தாண்டுகிற சின்னப் படகுத்துறை. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது ஆறு தாண்டிவிட்டது. போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர் வீண், அந்தக் காலோடு. சொன்னால் பழைய கெர்பன். சொல்லாவிட்டால் மத்தியானத்துக் கெர்பன். அவள் கை நீட்டியபடியே திரும்பத் தொடங்கிவிட்டாள்.

"ஹில்கா, வலது பக்கம்!" என்று கத்தினார். "இடது பக்கத் துறையை அஞ்சு மணிக்கே மூடிடுவாங்க."

அந்தத் துறையைப் பற்றி இன்னும் ஆறு வாக்கியம் அவரிடம் இருந்தது. அத்தனையையும் விழுங்கினார்.

அவள் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றாள். அவர் காத்திருந்தார். வழி சொன்னால் அவள் சும்மா விட்டதே கிடையாது. எனக்கும் கண்ணு இருக்கு என்பாள். ரோடு என்ன உன் அப்பன் வீட்டுதா என்பாள். ஒன்றும் இல்லாவிட்டால், சரிங்க, இன்ஸ்பெக்டர் என்றாவது சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள். அதில் ஏதாவது ஒன்று வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹில்கா பாதி திரும்பிப் பார்த்தாள். தெரியாத ஊரில் வழி சொன்ன யாரோ ஒரு பெரியவரைப் பார்த்து முகத்தை இளக்கிக்கொள்வோமே, அப்படி இளக்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி," என்றாள். வலப்பக்கம் திரும்பி மிதிக்கத் தொடங்கினாள்.